படியும் லிட்டரும்: கொள்ளளவு விஷயத்தில் குடியானவர் கருத வேண்டியவை

விதைப்புக் காலத்தில் அண்டை வீட்டாரிடம் பத்துப் படி கேழ்வரகு கைமாற்றாக வாங்கிய குடியானவர், அறுவடைக்குப் பின் தம் வீட்டுப் படியால் பத்துப் படி அளந்து திருப்பிக் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டவர் அதைத் தம் படியால் அளந்து பார்க்கையில் எட்டரைப் படியே தேறுகிறது. கொடுத்தவர் மோசம் செய்யவில்லை. வாங்கியவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் மனத்தாங்கல் உண்டாகி, பேச்சு பஞ்சாயத்து வரையில் போகிறது. இவ்வழக்கின் வேர் மனிதரிடத்தில் இல்லை. பெயர் ஒன்றாகவும் கொள்ளளவு வேறாகவும் இருக்கிற பாத்திரத்தில் இருக்கிறது. தர்மபுரி ஜில்லாவில் தானியமும் பாலும் தக்காளியும் மருந்தும் நாள்தோறும் ஏதாவதொரு பாத்திரத்தால் அளக்கப்பட்டே கைமாறுகின்றன. ஆகையால் பாத்திரத்தின் கொள்ளளவை உள்ளபடி அறிவது குடியானவரின் வருமானத்தைச் சேர்ந்த காரியமேயன்றிப் பள்ளிக்கூடக் கணக்கு மாத்திரமன்று.

நம் முன்னோர் வகுத்த முகத்தலளவை இழிவானதென்று எவரும் எண்ண வேண்டியதில்லை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி அல்லது படி, எட்டுப் படி ஒரு குறுணி அல்லது மரக்கால், இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் என்பது பழைய வாய்பாடு. இதில் கீழ்ப்படிகள் யாவும் பாதிபாதியாகப் பிரிந்து போவதால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் இரண்டு பாத்திரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளக்கூடும். கொங்கு நாட்டையும் சேலம் பக்கத்தையும் போலவே இங்கும் வள்ளம் என்னும் அளவு வழங்கிற்று. கன்னட நாட்டை அடுத்த பகுதிகளில் கண்டகம் என்னும் சொல்லும் உண்டு. இத்தனை வள்ளம் விதைக்கும் நிலம் என்று, விதைப்பாட்டைக் கொண்டு நிலத்தின் பரப்பைக் குறிப்பதும் வழக்கமாயிருந்தது. கொள்ளளவு இவ்வாறு நிலம், கூலி, குத்தகை, தானம் எல்லாவற்றிற்கும் அடிப்படையாய் நின்றது.

குறை வாய்பாட்டில் இல்லை. அடிப்படையான படி ஊருக்கு ஊர் மாறியதில்தான் இருந்தது. இது நேற்று உண்டான குறையுமன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜ சோழன் காலத்திய கல்வெட்டுக்கள், நெல்லைக் குறிக்கும்போது, ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்றும், அது இராஜகேசரி என்னும் மரக்காலுக்கு ஒத்தது என்றும் விளங்கச் சொல்கின்றன. மரக்கால் என்று மட்டும் எழுதினால் பிற்காலத்தார் எந்த மரக்கால் என்று கேட்பார்களென்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து, அளவின் பெயரோடு பாத்திரத்தின் பெயரையும் கல்லில் பொறித்தார்கள். இக்காலத்தில் கைமாற்றுச் சீட்டு எழுதுகிறவர்களோ அவ்வளவு கவனங்கூடச் செலுத்துவதில்லை.

1792-ம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் வசமாயிற்று. அலெக்ஸாண்டர் ரீடு துரையும் அவருக்குக் கீழ் வேலை பார்த்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து வரி விதித்தார்கள். நிலத்தின் அளவு இவ்வாறு ஒழுங்குபட்டும், களத்துமேட்டின் அளவு ஒழுங்குபடவில்லை. பட்டணம் படி என்று வழங்கிய சென்னைப் படி ஏறக்குறைய 1.7 லிட்டர் கொள்வது. உள்ளூரில் பெரிய படி, சின்னப் படி என வேறு படிகளும் நடமாடின. பிற்காலத்தில் ஒரு லிட்டர் பாத்திரத்தையும் ஜனங்கள் படி என்றே அழைக்கத் தொடங்கினார்கள். ஆகவே ஒரே தெருவில் படி என்ற ஒரு சொல்லுக்கு மூன்று கொள்ளளவுகள் இருக்கக்கூடும்.

இத்தகைய குழப்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலேயரிடத்தில் குவார்ட் என்றோர் அளவுண்டு. காலனில் கால் பங்கு என்பதே அதன் பொருள். பத்து ராத்தல் தண்ணீர் கொள்வதே காலன் என்று 1824-ம் ஆண்டில் இங்கிலாந்தில் சட்டம் வகுத்தார்கள். அக்கணக்குப்படி குவார்ட் சுமார் 1.137 லிட்டர். அமெரிக்கரோ திரவப் பொருளுக்குப் பழைய திராட்சரசக் காலனையே வைத்துக்கொண்டபடியால், அவர்களுடைய குவார்ட் அதற்குச் சுமார் 0.946 லிட்டராக இருக்கிறது; தானியம் முதலிய உலர்ந்த பொருளுக்கோ சுமார் 1.101 லிட்டராக இருக்கிறது. ஒரே பெயருக்கு அங்கும் மூன்று அளவுகள். எனவே இக்குறை நாகரிகத்தின் குறைவால் வந்ததன்று. பொதுவான அடிப்படையைப் பலரும் ஒப்புக்கொள்ளாததால் வந்தது.

இந்தியாவில் அவ்வடிப்படை 1956-ம் ஆண்டின் எடை அளவைத் தரச் சட்டத்தால் ஏற்பட்டது. 1958-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல் கிலோகிராம் எடைகள் நடைமுறைக்கு வரத் தொடங்கின. பின்னர் லிட்டரும் வந்தது. அப்போது தர்மபுரி, சேலம் ஜில்லாவின் ஒரு பகுதி. 1965-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதிதான் அது தனி ஜில்லாவாயிற்று. ஆகவே மெட்ரிக் அளவு இந்த ஜில்லாவைவிட மூத்தது. 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011-ம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி வியாபாரத்தில் விலை கூறுவதும் சீட்டு எழுதுவதும் கிலோ, லிட்டர் முதலிய தர அளவுகளிலேயே இருத்தல் வேண்டும். சட்டம் வந்து இத்தனை காலமாகியும் களத்தில் படி நீடிப்பதற்குக் காரணம், சட்டத்தை அறியாமை மாத்திரமல்ல. படியின் குறை எவ்வளவு பணமாகிறதென்பதை எவரும் கணக்கிட்டுப் பாராததே.

அக்கணக்கை இங்கே பார்க்கலாம். உட்குறுக்களவு 14 சென்டிமீட்டரும் ஆழம் 11 சென்டிமீட்டரும் உள்ள உருளைப் பாத்திரம் ஒன்றைக் கொள்வோம். அரைக்குறுக்களவு 7, அதன் வர்க்கம் 49, அதை 22-ஆல் பெருக்கி 7-ஆல் வகுக்க 154, அதை ஆழமாகிய 11-ஆல் பெருக்க 1,694 கன சென்டிமீட்டர். 1,000 கன சென்டிமீட்டர் ஒரு லிட்டராகையால், இது ஏறக்குறைய சென்னைப் படியே. இதைத் தலை தட்டி அளந்தால் அவ்வளவுதான் கொள்ளும். கோபுரமாகக் குவித்து அளந்தால், தானியம் சுமார் 30 பாகைச் சரிவில் நிற்பதாக வைத்துக்கொண்டால், குவியல் சுமார் 4 சென்டிமீட்டர் உயரும். அதன் கன அளவு சுமார் 205 கன சென்டிமீட்டர். அதாவது தலை தட்டிய அளவைக் காட்டிலும் நூற்றுக்கு 12 பங்கு அதிகம்.

இனி, அதே 1.7 லிட்டர் கொள்ளும் மற்றொரு பாத்திரம், குறுக்களவு 20 சென்டிமீட்டரும் ஆழம் 5.4 சென்டிமீட்டருமாய், வாய் அகன்று இருப்பதாக எண்ணுக. தலை தட்டினால் இரண்டும் ஒன்றே. குவித்தாலோ இதன் குவியல் சுமார் 5.7 சென்டிமீட்டர் உயர்ந்து, 597 கன சென்டிமீட்டர் மேலதிகமாகக் கொள்ளும். அது நூற்றுக்கு 35 பங்கு. வாயகன்ற படியால் வாங்கி வாய் குறுகிய படியால் விற்பவர், கொள்ளளவில் எந்தப் பொய்யும் சொல்லாமலே ஆதாயம் அடையக்கூடும்.

இதைப் பணமாக மாற்றிப் பார்த்தால் உண்மை தெளிவாகும். கேழ்வரகு ஒரு லிட்டர் சுமார் 770 கிராம் நிற்பதாகக் கொண்டால், சென்னைப் படியால் தலை தட்டிய 76 படி ஏறக்குறைய ஒரு குவிண்டால். மத்திய சர்க்கார் 2024-25-ம் ஆண்டுக்குக் கேழ்வரகுக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூபாய் 4,290. அக்கணக்கில், 76 படிக்குப் பேசித் தலை தட்டிய விலையை வாங்கிக்கொண்டு, முதலில் சொன்ன பாத்திரத்தால் குவித்துக் கொடுப்பவர் 12 கிலோவை, அதாவது ரூபாய் 514.80-ஐ இழக்கிறார். அகன்ற பாத்திரத்தால் குவித்துக் கொடுத்தால் 35 கிலோவை, அதாவது ரூபாய் 1,501.50-ஐ இழக்கிறார். மழையை நம்பிய புன்செய்யில் இத்தொகையை மிச்சப்படுத்த எத்தனை நாள் பாடுபட வேண்டுமென்பதைக் குடியானவருக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

குவிப்பு ஒன்று மாத்திரமல்ல. பாத்திரத்தைத் தட்டிக் குலுக்கினால் தானியம் இறுகி அதிகம் கொள்ளும். மெல்லச் சொரிந்தால் குறைவாய்க் கொள்ளும். ஈரத் தானியம் உப்பி இடத்தை அடைக்கும். மேலும் ஒரே கொள்ளளவு எல்லாத் தானியத்திற்கும் ஒரே எடை தராது. நூறு லிட்டர் கொள்ளும் சாக்கில் கேழ்வரகு சுமார் 77 கிலோ பிடிக்கும்; நெல்லோ உமியின் காரணமாய்ச் சுமார் 57 கிலோதான் பிடிக்கும். ஆகவே மூட்டைக் கணக்கும் ஒரு கொள்ளளவுக் கணக்கே. எடை குறிப்பிடாத மூட்டையும் முத்திரையில்லாத படியும் ஒரே குற்றத்தின் இரண்டு உருவங்கள். நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல் 40 கிலோ மூட்டையாக நிறுத்து வாங்கப்படுகிறது. 2022-23-ம் ஆண்டு முதல் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் சர்க்கார் கேழ்வரகை நேரடியாகக் கொள்முதல் செய்யத் தொடங்கியதும் எடைக் கணக்கிலேயே. பாலக்கோட்டிலும் அரூரை அடுத்த கோபாலபுரத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் கரும்பை டன் கணக்கில் நிறுத்தே வாங்குகின்றன. அங்கெல்லாம் எடையை ஒப்புக்கொள்ளும் குடியானவர், சொந்தக் களத்தில் மட்டும் படியையும் மூட்டையையும் நம்புவது பொருத்தமன்று. பாலக்கோட்டுப் பக்கத்துத் தக்காளியையும் இவ்விடத்தில் நினைக்கலாம். பெட்டிகளின் கொள்ளளவு ஒன்றுபோல இருப்பதில்லை. விளிம்புக்கு மேல் குவித்து அடுக்கும் வழக்கமும் உண்டு. பெட்டிக்கு இன்ன விலை என்று பேசுமுன், அப்பெட்டி இத்தனை கிலோ என்று பேசுவதே முறை.

திரவப் பொருள்களில் லிட்டரே தகுந்த அளவு. ஆயினும் அங்கும் கவனம் வேண்டும். பால் தண்ணீரைவிடச் சிறிது கனமானது. ஒரு லிட்டர் சுமார் 1.03 கிலோ. நூறு லிட்டர் பால் 103 கிலோ நிற்கும். பாலை நிறுத்து வாங்குமிடத்தில் கிலோவை லிட்டராக மாற்றித்தான் எழுதுகிறார்களா என்று பால் ஊற்றுபவர் கேட்டறிதல் வேண்டும். கறந்தவுடன் நுரையோடு அளந்தால் வாங்குபவருக்கு நஷ்டம்; நுரை அடங்கிய பின் விளிம்பு வழிய ஊற்றினால் கொடுப்பவருக்கு நஷ்டம்.

கொள்ளளவை அறியாததால் பொருள் நஷ்டம் மட்டுமின்றிப் பயிருக்கும் உடலுக்கும் கேடு விளைவது பூச்சிமருந்துத் தெளிப்பிலேதான். ஒரு மருந்துக்கு லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லிலிட்டர், ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்று சிபாரிசு இருப்பதாக உதாரணத்திற்குக் கொள்வோம். ஏக்கருக்கு வேண்டிய மருந்து 400 மில்லிலிட்டர். 10 லிட்டர் தொட்டியுள்ள தெளிப்பானால் 20 தொட்டி. தொட்டிக்கு 20 மில்லிலிட்டர். 16 லிட்டர் தொட்டியானால் பன்னிரண்டரைத் தொட்டி. தொட்டிக்கு 32 மில்லிலிட்டர். பழைய 10 லிட்டர் தெளிப்பானை விட்டுப் புதிய 16 லிட்டர் தெளிப்பானுக்கு மாறியவர், பழக்கத்தால் அதே 20 மில்லிலிட்டரை ஊற்றினால் ஏக்கருக்கு 250 மில்லிலிட்டரே சேரும். பூச்சி சாகாது, மருந்தின் விலை வீணாகும். 16 லிட்டருக்குரிய 32 மில்லிலிட்டரை 10 லிட்டர் தொட்டியில் ஊற்றினாலோ நூற்றுக்கு 60 பங்கு அதிகமாகிப் பயிர் கருகவும், தெளிப்பவர் உடல் நலியவும் இடமுண்டு. புட்டியின் மூடியால் அளப்பது இன்னும் ஆபத்தானது. புட்டிக்குப் புட்டி மூடியின் கொள்ளளவு மாறும். மில்லிலிட்டர் கோடிட்ட அளவுக் குவளை அற்ப விலைக்குக் கிடைப்பது. அதை மருந்துக்கென்றே ஒதுக்கி, சமையலறையை அணுகவிடாமல் வைத்தல் வேண்டும். புட்டியின் சீட்டில் அச்சிட்ட அளவே எப்போதும் பிரமாணம்.

விதை அளவிலும் இதே நியாயம் பொருந்தும். நாற்று விட்டு நடும் கேழ்வரகுக்கு ஹெக்டேருக்கு 5 கிலோ, அதாவது ஏக்கருக்கு 2 கிலோ விதை என்பது சிபாரிசு. இது சென்னைப் படியால் சுமார் ஒன்றரைப் படி. லிட்டர் படியால் இரண்டரைக்குச் சற்று அதிகம். படி என்று மட்டும் காதில் வாங்கி விதைப்பவருடைய நாற்றங்கால் நெருக்கமாகவோ கலப்பாகவோ போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் எதிராக ஒரு வாதம் உண்டு. அதை அலட்சியம் செய்தல் ஆகாது. படியின் அளவு கண்ணுக்குத் தெரிகிறது, தராசின் சூட்சுமம் தெரிவதில்லை; மின்தராசில் எண்ணை மாற்றி வைத்தால் குடியானவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று பெரியோர்கள் கேட்கிறார்கள். இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் படியிலும் அடியை உள்ளே தள்ளி உயர்த்துவது, பக்கத்தை நசுக்குவது, விரலை உள்ளே வைத்து அளப்பது முதலிய சூட்சுமங்கள் தொன்றுதொட்டு உண்டு. தராசுக்கோ சோதனை எளிது. முத்திரையிட்ட 5 கிலோ இரும்புப் படிக்கல் ஒன்றைத் தெருவார் சேர்ந்து வாங்கி வைத்துக்கொண்டு, எந்தத் தராசிலும் முதலில் அதை வைத்துப் பார்த்தால் பொய் வெளிப்பட்டுவிடும். வியாபாரத் தராசுகளைச் சோதித்து முத்திரையிடும் அதிகாரம் இராஜ்யத்தில் தொழிலாளர் துறையைச் சேர்ந்தது. மின்தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை வேண்டும். முத்திரைச் சான்றைக் காட்டும்படி கேட்பது குடியானவரின் உரிமை. அதை அவமரியாதை என்று எண்ணுபவரிடம் வியாபாரத்தை நிறுத்திக்கொள்வது நலம்.

படியை வீட்டைவிட்டே விலக்கிவிட வேண்டுமென்பது கருத்தன்று. கல்யாணப் பந்தலில் நிறைநாழி வைப்பதும், சமையலுக்கு ஆழாக்கால் அரிசி அளப்பதும் எவருக்கும் நஷ்டம் விளைவிப்பதில்லை. ஆனால் வீட்டிலுள்ள ஒவ்வொரு பாத்திரத்தின் உண்மையான கொள்ளளவையும் ஒருமுறை அறிந்து வைத்தல் வேண்டும். அதற்கு வழி எளியது. வெறும் பாத்திரத்தை நிறுத்துக் குறித்துக்கொண்டு, விளிம்பு மட்டும் தண்ணீர் ஊற்றி மறுபடி நிறுத்தால், எத்தனை கிலோ அதிகமோ அத்தனை லிட்டர் அதன் கொள்ளளவு. நம் நாட்டு வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் 4 கிராம் குறையும், அது பொருட்படுத்தத்தக்கதன்று. வயிறு பருத்த குடத்திற்கும் சப்பையான படிக்கும் இவ்வழி பொருந்தும். நிறுக்க முடியாத பெரிய பீப்பாய்க்கு முன் சொன்ன பெருக்கலே போதும்: உட்குறுக்களவு 56 சென்டிமீட்டரும் உயரம் 82 சென்டிமீட்டருமானால் சுமார் 202 லிட்டர். கண்ட அளவைப் பாத்திரத்தின் பக்கத்திலேயே ஆணியால் கீறிவைத்தால், பேரப்பிள்ளைகளுக்கும் உதவும்.

கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் செய்யக்கூடியது இதனினும் பெரிது. ஊராட்சி அலுவலகத்தில் முத்திரையிட்ட லிட்டர் பாத்திரம் ஒன்றும் படிக்கற்கள் ஒரு தொகுதியும் பொதுவில் வைத்து, எவரும் தம் பாத்திரத்தையும் தராசையும் ஒப்பிட்டுப் பார்க்க இடங்கொடுத்தல் வேண்டும். தானியக் கைமாற்று, குத்தகை, தானியக் கூலி ஆகியவற்றுக்கு எழுதும் சீட்டுக்களில் படி, வள்ளம், மூட்டை என்று எழுத நேர்ந்தாலும், அதன் பக்கத்தில் கிலோவையும் எழுதும்படி ஜனங்களைப் பழக்குதல் வேண்டும். கூலிக்கு அளக்கும் படி விஷயத்தில் இது மிக அவசியம். ஏனெனில் கூலிக்காரர் தம் படியைக் கொண்டுவந்து அளக்க முடியாது, நிலக்காரருடைய படியே அங்கே சட்டமாக இருக்கிறது. தமக்கு வரவேண்டியதில் நேர்மையை எதிர்பார்க்கிற நிலக்காரர், தாம் கொடுப்பதிலும் அதே அளவைக் கையாளுதல் கடமை.

சோழ மன்னர் மரக்காலுக்குப் பெயரிட்டுக் கல்லில் பொறித்தது, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் பிற்காலத்தில் வழக்கு வரலாகாது என்பதற்காகவே. இக்காலத்தில் அதற்குக் கல்வெட்டு வேண்டியதில்லை. தானியத்தைக் கிலோவாலும் திரவத்தை லிட்டராலும் அளந்து, அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும். அடுத்த அறுவடை களத்துக்கு வருமுன் ஒவ்வொரு வீட்டிலும் படியொன்றைத் தண்ணீரால் நிறுத்துப் பார்ப்பார்களாயின், அண்டை வீட்டாரோடு வரும் சச்சரவுகளில் ஒரு பகுதியாவது களத்துமேட்டிலேயே தீர்ந்துபோகும்.